பூட்டைச் சோதிக்கிறார்கள், கூலியைச் சோதிப்பது யார்?

ஒரு கைப்பையின் விலை என்ன இருக்கும்? நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய், மிஞ்சிப்போனால் சில ஆயிரம் என்றுதான் உழைப்பாளி வீட்டில் சொல்வார்கள். ஆனால் 2025 ஜூலையில் பாரிஸ் நகரத்தில், சோத்பீஸ் ஏலக் கம்பெனியில், ஒரே ஒரு கைப்பை 86 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. நம் பணத்தில் 80 கோடி ரூபாய்க்கு மேல்! அது புதிய பை கூட அல்ல. ஜேன் பர்க்கின் என்ற நடிகை ஆண்டுக்கணக்கில் தூக்கித் திரிந்து தேய்ந்த பழைய பை. அதில் அவர் தொங்கவிட்டிருந்த நகவெட்டியும் சேர்ந்தே ஏலம் போயிற்று.

அந்த நடிகையின் பெயரையே அந்தப் பைக்கு வைத்திருக்கிறார்கள். 1837-ல் பாரிசில் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது எர்மேஸ் கம்பெனி. அது 1984-ல் கொண்டுவந்த சரக்கு இது. இன்று அமெரிக்காவில் புதிய பர்க்கின் பை ஒன்றின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். பணத்தை எண்ணி வைத்துவிட்டால் பை கைக்கு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைக் கடைக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். தட்டுப்பாடும் இந்த வியாபாரத்தில் ஒரு சரக்குதான்.

இத்தனை விலை உள்ள பொருளுக்குப் போலி வராமல் இருக்குமா? 2021-ல் உலக வர்த்தகத்தில் நடமாடிய போலிச் சரக்குகளின் மதிப்பு 46,700 கோடி டாலர் என்று ஓ.இ.சி.டி. ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. துணி, செருப்பு, தோல் சாமான்கள்தான் இதில் முன்னணியில் நிற்கின்றன. எனவே அசல் எது, போலி எது என்று பிரித்துச் சொல்வதே இன்று ஒரு தனித் தொழிலாகிவிட்டது. அந்த நிபுணர்கள் பையை வாங்கியதும் தோலைத் தடவிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பூட்டையும் கொண்டியையும் ஆணியையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஏன்?

ஓர் ஆணியின் கதை

பர்க்கின் பையின் முகப்பில் திருகித் திறக்கும் கொண்டி ஒன்று உண்டு. வார்ப்பட்டைகள் அதில்தான் வந்து மாட்டும். பை தரையில் படாமல் நிற்க அடியில் நான்கு குமிழ்கள். ஒரு சின்னப் பூட்டு, அதற்கு இரண்டு சாவிகள். எல்லாம் பெரும்பாலும் பித்தளை. மேலே தங்க முலாமோ பல்லேடியம் முலாமோ பூசியிருக்கும்.

மலிவான பைகளில் இந்தச் சாமான்களை ஸ்க்ரூ வைத்து முறுக்கிவிடுவார்கள். நாளாக ஆக ஸ்க்ரூ தளரும், தகடு ஆடும். எர்மேஸ் பட்டறையில் வேலை வேறு விதம். தோலுக்கு முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு. இரண்டையும் தோலையும் துளைத்துக்கொண்டு சன்னமான ஆணி வெளியே வருகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கொஞ்சம் மிச்சம் விட்டு நறுக்குகிறார் தொழிலாளி. முனை குழிந்த ஒரு கருவியை அதன்மேல் வைத்து, சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். தட்டத் தட்ட ஆணியின் முனை உருண்டு, கடுகளவு முத்தாக மாறிவிடுகிறது. முத்தாக்குவது என்ற பொருளில்தான் இந்த வேலைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிப் பதித்த தகடு தளராது. கழற்றவேண்டுமானால் ஆணியை அழித்துத்தான் கழற்ற வேண்டும்.

சோதனை செய்கிறவர் தவறாமல் பார்க்கும் இடம் இது. அங்கே ஸ்க்ரூவின் தலை தெரிந்தால் சந்தேகம் வந்துவிடும். முகப்புத் தகட்டில் பொறித்த எழுத்து மெல்லியதாக, ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கிறார். பூட்டின் எண்ணும் சாவியின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். ஆனால் பூட்டு தனியே கழன்று வரும் சாமான். அசல் பூட்டைக் கொண்டுபோய்ப் போலிப் பையில் மாட்டுவது பெரிய வித்தை அல்ல. அந்த எண் பையின் எண்ணும் அல்ல. ஒரே எண் பல பூட்டுகளில் வரும். சானேல் கம்பெனியின் பையானால், பூட்டுக்குப் பின்புறத் தகட்டில் உள்ள ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறி வெட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடம். இவை போதாதென்று, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்ட எக்ஸ்-ரே கருவிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைப் படமெடுத்து ஒப்பிடும் கம்ப்யூட்டர்களும் வந்துவிட்டன.

இத்தனை கருவிகளும் கடைசியில் எதைத் தேடுகின்றன? எளிதில் மாற்ற முடியாத ஒன்றைத் தேடுகின்றன. ஒரு தொழிலாளியின் கை பட்ட அடையாளத்தை, அவர் சுத்தியல் தட்டிய தடத்தைத் தேடுகின்றன! முலாம் பூசலாம், எழுத்தைப் பொறிக்கலாம், பெட்டியை அச்சடிக்கலாம். பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த கை லாகவத்தை அவ்வளவு சுலபமாகக் காப்பியடிக்க முடியாது. உழைப்புதான் மதிப்பைத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளாத கனவான்கள்கூட, பையை வாங்கும்போது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அந்த உழைப்பைத்தான் தேடுகிறார்கள்.

எண் யாருக்கு?

தேடிக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள்? அந்தத் தொழிலாளிக்கு நன்றி சொல்கிறார்களா? இல்லை. பையின் சொந்தக்காரருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. லூயி வுய்த்தோன் கம்பெனி 1886-ல் தன் பிரயாணப் பெட்டிகளுக்குப் புது மாதிரிப் பூட்டைக் கொண்டுவந்தது. வாங்குகிறவருக்குச் சொந்தமாக ஒரு பூட்டு எண். அவர் எத்தனை பெட்டி வாங்கினாலும் ஒரே சாவி போதும். எப்பேர்ப்பட்ட பூட்டிலிருந்தும் தப்பி வரும் ஹூடினி என்ற வித்தைக்காரருக்கு, எங்கள் பெட்டியிலிருந்து தப்பி வா பார்க்கலாம் என்று பத்திரிகையில் பகிரங்கச் சவால் விட்டார் லூயியின் மகன் ஜார்ஜ். ஹூடினி அந்தச் சவாலை ஏற்கவில்லை. போலிகளைத் தடுக்கவென்று 1896-ல் எழுத்தும் பூவும் போட்ட துணியைக் கொண்டுவந்தவரும் இந்த ஜார்ஜ்தான்.

1886-லிருந்து 135 ஆண்டு கடந்து 2021-க்கு வருவோம். அதே கம்பெனி பைக்குள் குத்திவந்த தேதிக் குறியீட்டை நிறுத்திவிட்டு, உள்ளே மைக்ரோசிப் வைக்கத் தொடங்கியது. சானேல் கம்பெனியும் அதே ஆண்டில் எண் போட்ட ஸ்டிக்கரைக் கைவிட்டு, சிப் உள்ள உலோகத் தகட்டுக்கு மாறியது. அதே 2021-ல் எல்.வி.எம்.எச்., பிராடா, கார்ட்டியே ஆகிய மூன்றும் சேர்ந்து, பொருளின் பிறப்பையும் கைமாற்றத்தையும் கம்ப்யூட்டரில் பதிந்துவைக்க ஆரா என்ற கூட்டமைப்பை நிறுவின. சந்தையில் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கிறவர்கள், சொத்தைக் காப்பது என்று வந்ததும் கைகோத்துக்கொண்டார்கள்!

இந்த ஏற்பாடுகள் எல்லாம் சொல்வது என்ன? இந்தப் பை இந்தக் கம்பெனியுடையது, இதை வாங்கியவர் இன்னார் என்பதை. எர்மேஸ் பையில் வேலை செய்த தொழிலாளிக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு என்பது உண்மை. ஆனால் அது கம்பெனி மட்டும் படிக்கக்கூடிய குறி. அவர் பெயர் என்ன, எத்தனை மணி நேரம் உழைத்தார், எவ்வளவு கூலி பெற்றார்? இவற்றுக்கு எந்தச் சிப்பிலும் இடமில்லை.

மீட்டர் சொன்ன உண்மை

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் இத்தாலியைப் பார்க்கட்டும்.

2024 ஜூன் மாதம் மிலான் நீதிமன்றம், தியோர் கம்பெனியின் பைகளைத் தயாரிக்கும் ஒரு கிளை நிறுவனத்தை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. எல்.வி.எம்.எச். ஏகபோகத்தைச் சேர்ந்தது தியோர். மிலான் நகரைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளில் போலீசார் பார்த்த காட்சி என்ன? தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கினார்கள், எந்நேரமும் ஆள் கைவசம் இருக்க வேண்டும் என்பதற்காக. வேகம் குறையக்கூடாது என்று இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றிவைத்திருந்தார்கள். நீதிமன்ற ஆவணத்தின்படி, ஒரு பையைச் செய்து கொடுக்கப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. அதே பை தியோர் கடையில் 2,600 யூரோ. தோல் முதலான சரக்கின் செலவு அந்த 53-ல் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சேர்த்துப் பார்த்தாலும் நியாயம் மாறுகிறதா?

இதில் ஒரு விவரத்தை நம் வாசகர்கள் மறக்கக்கூடாது. இரவு பகலாக, விடுமுறை நாளிலும் வேலை நடந்தது என்பதை அதிகாரிகள் எப்படி நிரூபித்தார்கள்? பட்டறைகளின் மின்சாரச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதே, எத்தனை மணி நேரம் மனிதர்களை வாட்டினார்கள் என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பைக்குள் இருக்கும் சிப் சொல்லாத உண்மையைச் சுவரில் இருந்த மீட்டர் சொன்னது!

அந்தப் பட்டறைகளுக்கு ஆர்டர் தருவதை நிறுத்திவிட்டோம், அந்தச் செய்கைகளைக் கண்டிக்கிறோம் என்றது தியோர். 2025 தொடக்கத்தில் மேற்பார்வையும் விலக்கப்பட்டது. ஆனால் இது ஒரு கம்பெனியின் கதை அல்ல. அதற்கு முன் 2024 ஏப்ரலில் அர்மானியின் ஒரு கிளை; 2025 மே மாதம் வாலென்டினோவின் ஒரு கிளை; 2025 ஜூலையில் லோரோ பியானா. எல்லாவற்றுக்கும் ஒரே நீதிமன்றம், ஒரே மாதிரிப் புகார். நாங்கள் நேர்மையாகத் தொழில் நடத்துகிறோம் என்று அர்மானி வெளியிட்டிருந்த அறிக்கைகள் வாங்குவோரைத் தவறாக நம்பவைப்பவை என்று, இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஆகஸ்டில் 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது. கம்பெனி இதை மறுத்து, மேல்முறையீடு செய்வோம் என்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பட்டறையிலிருந்து வந்த பையை நிபுணரிடம் கொடுத்தால் என்ன சொல்வார்? உலோகம் அசல், முலாம் அசல், எழுத்து அசல், பை அசல் என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் உரைகல் அவ்வளவுதான் உரைக்கும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"அப்படியானால் போலி வியாபாரிகளை ஆதரிக்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. போலிப் பட்டறையில் உழைக்கிறவருக்குச் சங்கமும் இல்லை, சட்டத்தின் காவலும் இல்லை. ஒளித்துச் செய்யும் தொழிலில் கூலிக்கு எங்கே போய் முறையிடுவது? அதுவும் அதே லாப வேட்டைதான்.

"எர்மேஸ் தொழிலாளிகள் நல்ல சம்பளம் வாங்குகிறார்களே?" என்றும் கேட்பார்கள். தன் சொந்தப் பட்டறைகளில், பயிற்சி பெற்ற தொழிலாளிகளை வைத்து, பிரான்சிலேயே பையைத் தைக்கிறது அந்தக் கம்பெனி. மிலான் பட்டறைகளோடு அதை ஒன்றாகச் சேர்ப்பது நியாயமல்ல. ஆனால் அங்கும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. 2024-ல் அந்தக் கம்பெனியின் விற்பனை 1,520 கோடி யூரோ. நிகர லாபம் 460 கோடி யூரோ. நூறு யூரோவுக்கு விற்றால் முப்பது யூரோ லாபம்! அந்த முத்தைத் தட்டிய கைக்கு அதில் எவ்வளவு போயிற்று?

பாரிஸ் நீதிமன்றத்தில் 2020-ல் ஒரு வழக்கு நடந்தது. போலி பர்க்கின் பைகளைத் தைத்து விற்றதாகப் பத்துப் பேர் கூண்டில் நின்றார்கள். அவர்களில் பலர் எர்மேஸ் பட்டறையில் முன்பு வேலை பார்த்தவர்கள். அவர்கள் செய்தது குற்றம்தான். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறதல்லவா? கம்பெனியின் கூரைக்குக் கீழே தைத்தால் அசல். அதே கை வெளியே போய்த் தைத்தால் போலி. கையின் திறமை மாறவில்லை. சொத்துரிமை யாரிடம் என்பதுதான் மாறியது.

உரைகல்லை மாற்றுங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் செய்தது. பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. எத்தனை நாள் உழைக்கும், எப்படிப் பழுதுபார்க்கலாம், கழிவை என்ன செய்யலாம் என்பவை அதில் இடம்பெறும். நல்லதுதான், வரவேற்கிறோம். அதே 2024-ல், தமக்குச் சரக்குத் தரும் பட்டறைகளின் நிலைக்குப் பெரிய கம்பெனிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் வந்தது. அதை அமல் நடத்தும் தேதியை 2025-ல் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். பொருளின் பாஸ்போர்ட்டுக்குக் காட்டும் அவசரத்தை, அதைச் செய்த மனிதனின் கூலிக்குக் காட்ட மனம் வரவில்லை.

நாம் கேட்பது எளிய விஷயம். ஓர் ஆணியின் முனை உருண்டிருக்கிறதா என்று எக்ஸ்-ரே வைத்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு பை எத்தனை கை மாறியது என்று கம்ப்யூட்டரில் பதிய வழி இருக்கிறது. அப்படியிருக்க, எந்தப் பட்டறையில், எத்தனை மணி நேரத்தில், என்ன கூலிக்கு அது உருவானது என்று பதிய மட்டும் வழி இல்லையா? வழி இருக்கிறது, மனம்தான் இல்லை. அந்தக் கணக்கைச் சிப்பில் ஏற்றுங்கள். கம்பெனி எழுதும் கணக்கு சரிதானா என்று பார்க்கும் உரிமையைத் தொழிற்சங்கங்களுக்குக் கொடுங்கள். துணைக் குத்தகை என்ற திரைக்குப் பின்னால் பெரிய கம்பெனி ஒளிந்துகொள்ள இடம் கொடாதீர்கள்.

தன் பையின் பூட்டு அசல்தானா என்று சீமாட்டிகள் கவலைப்படட்டும். அது அவர்கள் பாடு. பூட்டைப் பதித்த தொழிலாளிக்குப் படுக்க வீடும், ஓய்வுக்கு நேரமும், உழைப்புக்கு ஏற்ற கூலியும் கிடைத்ததா என்பதே உழைப்பாளி மக்களின் சோதனை. அந்தச் சோதனையில் தேறாத பை, தங்க முலாம் பூசியிருந்தாலும் போலிதான்.