புதிய மாணவனும் பழைய கல்லூரியும்

ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் நாகபுரித் தமிழ்க் குடும்பங்களில் ஒருவகைப் பரபரப்பு உண்டாகிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளைத் தாயகத்துக் கல்லூரிகளில் சேர்ப்பதற்காகப் பெற்றோர் பெட்டி படுக்கையுடன் புறப்படுகின்றனர். இரயில் நிலையத்தில் சீட்டு வழங்கும் சாளரத்தின் உட்புறத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இது ஆண்டுதோறும் பழகிய காட்சி. போவதற்கு மூன்று சீட்டு. திரும்புவதற்கு இரண்டு சீட்டு. குறைந்த அந்த ஒரு சீட்டில் ஒரு குடும்பத்தின் கவலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கல்லூரிப் படியை மிதித்தறியாத மெட்ரிக்குலேஷன்காரர் கல்லூரியைப் பற்றி எழுதப் புகலாமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், கல்லூரிக்குள் இருப்போர் எழுதுவது வேறு. பிள்ளையை வாயிலில் விட்டுவிட்டுத் திரும்பும் நம்மனோர் அறிய வேண்டுவது வேறு. பின்னதைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறோம்.

நம் தமக்கை மகன் அண்மையில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் சேர்ந்தான். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே வீட்டில் இரண்டு வினாக்கள் எழுந்தன. "பையனை வேதத்தில் சேர்த்துவிடமாட்டார்களே?" என்று கேட்டார் பாட்டியார். "தமிழ் எழுதத் தெரியாதவன் அங்கே எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்டார் தமக்கையார். இவ்விரண்டும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

முதல் வினாவை முதலில் நோக்குவோம். கிறிஸ்தவக் கல்லூரி என்பது நமக்குப் புதியதொன்றன்று. பம்பாயில் வில்சன் கல்லூரி 1832-இலும், கல்கத்தாவில் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி 1830-இலும் தோன்றியவை. நம் நாகபுரியிலேயே ஹிஸ்லாப் கல்லூரி 1883 முதல் நடைபெற்று வருகிறது. தாயகத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரியும், திருச்சி தூய வளனார் கல்லூரியும், பெண்மக்களுக்கென 1915-இல் சென்னையில் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாகப் பல சமயத்துப் பிள்ளைகளைப் படிப்பித்து வந்துள்ளன.

தாம்பரத்துக் கல்லூரியின் வரலாறும் நெடியது. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் நிறுவிய பள்ளியே அதன் வித்து. 1862-இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதனைக் கல்லூரியாக வளர்த்தார். பன்னெடுங்காலம் ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதற்கு ஆறாண்டுகட்கு முன்பே, 1931-இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. நகரத்து மாணவர்க்கு இன்றும் அதுவே வழி. புதர்க்காடாகக் கிடந்த 300 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் முன்னின்று மரங்களை வளர்த்தார். இன்று அவ்வளாகத்துக்குள் நுழைவோர்க்கு வெயில் தெரிவதில்லை.

இக்கல்லூரியில் பயின்ற இருவரை மட்டும் ஈண்டு நினைவு கூர்வோம். ஒருவர், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இந்து சமயத்தின் மீது பாதிரிமார் கூறிய குறைகளைக் கேட்டு அவர் மனம் புண்பட்டது. ஆனால் அவர் கல்லூரியை விட்டு ஓடவில்லை. தம் சமயத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908-இல் நூலாக வெளிவந்தது. அதனைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவ ஆசிரியரான ஏ. ஜி. ஹாக். மற்றொருவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 1870-இல் மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த அவர், இக்கல்லூரியில் பயின்று, இக்கல்லூரியிலேயே தமிழாசிரியராகவும் அமர்ந்தார். வடமொழிப் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்டு, தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதிட்ட பெருமகன் அவர். இருவரும் தத்தம் சமயத்தை இழந்தாரல்லர். இருந்ததை மேலும் தெளிவாக அறிந்தார்கள்.

சான்றோர் கதை கூறினால் பாட்டிமார் மனம் அமைதியுறாது. சட்டம் என்ன சொல்கிறது என்பார்கள். நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. அரசின் ஏற்பிசைவு பெற்ற, அல்லது அரசுப் பணத்தில் உதவி பெறும் கல்வி நிலையம் எதுவாயினும், அங்கே நடைபெறும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ எந்த மாணவனையும் அவனுடைய இசைவின்றி உட்படுத்தலாகாது. அவன் வயது நிரம்பாதவனாயின் பெற்றோரின் இசைவு வேண்டும். கிறிஸ்தவக் கல்லூரிகளில் ஆலயம் இருக்கும், செபம் ஒலிக்கும், கிறிஸ்துமஸ் பாடல்கள் கேட்கும். பிறர் வழிபடும்போது எழுந்து நின்று மதிப்பளிப்பது ஒன்று. தானும் வழிபடுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினாற் போதும்.

நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்களுக்கும் ஒரு சொல். கல்லூரியைக் கோயிலின் நீட்சியாக எண்ணித் தம் பிள்ளைகளை அனுப்புவோர் சிலர். அங்கே சென்றதும், அடுத்த அறையில் முஸ்லிம் நண்பனையும், எதிர் அறையில் எச்சமயத்தையும் நம்பாத நண்பனையும் கண்டு அப்பிள்ளைகள் திகைப்பதுண்டு. அத்திகைப்பும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

இனி, முதற் சில வாரங்கள். தாம்பரத்துக் கல்லூரியில் விடுதிகளை ஹால் என்றே வழங்குகிறார்கள். சேலையூர் ஹால், தூய தோமா ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்பன ஆடவர்க்குரிய பழைய விடுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மரபும் தனி விழாவும் உண்டு. தமக்கை மகனுக்கு ஒரு தனியறை கிடைத்தது. இரண்டே அறை கொண்ட இரயில்வே குடியிருப்பில் ஐவரோடு வளர்ந்தவன் அவன். உணவு எப்படி, தண்ணீர் எப்படி என்று தமக்கையார் கேட்டுக்கொண்டிருக்க, அவனோ, "மாமா, அறையில் யாரும் மூச்சு விடும் ஓசை இல்லை, உறக்கம் வரவில்லை" என்று நம்மிடம் தொலைபேசியில் கூறினான். அவனுக்கு வந்த முதல் துன்பம் இதுதான். தாய்மார்கள் ஊறுகாய்ச் சாடியைப் பற்றி எவ்வளவு கவலை கொள்கிறார்களோ, அவ்வளவு கவலை இதற்கும் கொள்ளலாம். புறப்படுமுன் சில நாட்கள் பிள்ளையைத் தனியே உறங்கவும், தன் துணியைத் தானே துவைக்கவும், ஒரு திங்களுக்குரிய பணத்தைத் தானே கணக்கெழுதிச் செலவிடவும் பழக்குவது நலம்.

மூத்த மாணவர் புதியோரை வருத்தும் தீய வழக்கத்தைப் பற்றியும் பெற்றோர் அஞ்சுகின்றனர். 1996-இல் தாயகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் இக்கொடுமையால் உயிரிழந்த பின்னர், 1997-இல் தமிழ்நாட்டு அரசு ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அவ்விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழி அளித்தல் வேண்டும். 1800-180-5522 என்னும் எண்ணில் கட்டணமின்றி முறையிடலாம். அந்த எண்ணைப் பிள்ளையின் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் பெட்டி இருக்கும்.

இரண்டாம் வினாவே நம் நெஞ்சைத் தொடுவது. தாயகத்துக் கலைக் கல்லூரிகளில் முதற்பகுதி என்பது ஒரு மொழிப்பாடம். இரண்டாம் பகுதி ஆங்கிலம். முதற்பகுதிக்குத் தமிழையும் எடுக்கலாம்; கல்லூரி கற்பிக்கும் இந்தி, பிரெஞ்சு போன்ற வேறு மொழியையும் எடுக்கலாம். இங்கே மராத்தியும் இந்தியும் பயின்ற நம் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கருதி இந்தியை எடுக்கின்றனர். தமக்கை மகனும் அவ்வாறே எடுத்தான். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பள்ளியில் தமிழ் பயிலாது வேறு மொழியை எடுத்தோர்க்கு அடிப்படைத் தமிழ் என்றொரு சிறு பாடமும் உண்டு. பிறந்தது முதல் தமிழ் பேசி வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்தவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து அகரம் எழுதினான்.

அவன் நாணினான். வீட்டுக்கு உரைப்பதற்கும் வெட்கினான். மூன்றாம் வாரத்தில், "திரும்பி வந்து நாகபுரியிலேயே படிக்கிறேன்; இங்கே என்னைத் தமிழன் என்றும் சேர்க்கவில்லை, வடக்கத்தியான் என்றும் சேர்க்கவில்லை" என்று கூறினான். மைத்துனர் சினந்தார், தமக்கையார் அழுதார். கட்டிய பணம் போகட்டும், பிள்ளை வந்தால் போதும் என்றார் பாட்டியார். நாம் அவனிடம் ஒன்றே கேட்டோம்: "தம்பி, உன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மணிப்பூர்ப் பிள்ளை கடையில் என்ன செய்கிறான்?"

அவன் சற்றுப் பேசாதிருந்தான். பின்பு, கடைக்குச் செல்லும்போதெல்லாம் அப்பிள்ளை தன்னையே துணைக்கு அழைப்பதாகக் கூறினான். விலை கேட்பதும், பேருந்து நடத்துனரிடம் வழி கேட்பதும், துணி வெளுப்பவரிடம் கணக்குத் தீர்ப்பதும் இவன் வழியாகவே நடந்தன. எழுத்தில் இருவரும் சமம். பேச்சில் இவன் ஆசான். "அப்படியானால் உனக்குக் குறைந்திருப்பது மொழி அன்று, 247 எழுத்து மட்டுமே. அதற்கு ஒரு பருவம் போதாதா?" என்றோம். அவன் விடை கூறவில்லை. ஆனால் திரும்பி வரும் பேச்சையும் அதன்பின் எடுக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் பாட்டியார் பெயருக்கு ஓர் அஞ்சல் அட்டை வந்தது. ஏழே வரி. லகர ளகரம் மாறியிருந்தன, ஒற்றுகள் விடுபட்டிருந்தன. மாதம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் வெளியே வரும் அம்மூதாட்டியார், அவ்வட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பில் மூன்று வீடு ஏறி இறங்கினார். பிழைகளைத் திருத்தி மறு அட்டையும் எழுதினார். பேரனுக்கும் பாட்டிக்கும் இடையே எழுத்து வழி நடந்த முதல் உரையாடல் அது.

அன்பர்களே, இதில் மகிழ்ச்சி உண்டு, வருத்தமும் உண்டு. நாகபுரியில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து கற்கக்கூடியதைக் கற்பதற்கு, ஒரு பிள்ளை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலான நம் இல்லங்களில் தமிழ் செவிக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. பதினெட்டு வயதில் நாணத்தோடு கற்பதை ஏழு வயதில் விளையாட்டாகக் கற்பிக்கலாம். பாட்டிமார் இருக்கும் வீடுகளுக்கு ஆசிரியர் தேட வேண்டியதும் இல்லை.

இனி நம் துறைசார்ந்த சில செய்திகள். விடுமுறைக்கு வீடு வந்து செல்லும் மாணவர்க்கு இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணமே. கல்லூரித் தலைவர் கையொப்பமிட்ட சலுகைச் சான்றைச் சாளரத்தில் நேரிற் காட்டிச் சீட்டுப் பெறல் வேண்டும். ஆதலால் தீபாவளிக்கு வர எண்ணுவோர் அச்சான்றை முன்கூட்டியே பெற்றுவிடுதல் நலம். சென்னை சென்ட்ரலில் இறங்குவோர் தாம்பரம் செல்லச் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் மின்வண்டி ஏறலாம். தாம்பரத்தில் நிலையத்தின் கிழக்குப் புறமாக வெளிவர வேண்டும். நகரத்தில் நாள்தோறும் மின்வண்டியில் கல்லூரி செல்வோர்க்கு மாணவர் பருவச் சீட்டும் உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சென்னை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் ஏற்கெனவே பயின்றுவரும் நம் சங்கத்துப் பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளைகளின் இசைவு பெற்று, அவர்கள் பெயரையும் கல்லூரியையும் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால், அடுத்த ஜூனில் புறப்படும் புதிய பிள்ளைகளுக்கு முதற் கிழமையில் போய்ப் பார்க்க ஓர் அண்ணனோ அக்காளோ கிடைப்பார்கள். தமக்கை மகன் தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அடுத்த வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது.