வாடிவாசல் எப்போ திறக்கும்? 70 பக்க நாவலுக்கு இத்தனை வருஷக் காத்திருப்பு ஏன்?

சூர்யா எந்தப் படத்துக்கு போஸ்டர் விட்டாலும் கீழே கமெண்ட்ல ஒரு கேள்வி தவறாம வந்து நிற்கும்: "வாடிவாசல் என்னாச்சு?" வெற்றிமாறன் எந்த மேடையில் ஏறினாலும் இதே கேள்விதான். 2021 ஜூலையில் டைட்டில் லுக் வந்தது. 2022 மார்ச்சில் டெஸ்ட் ஷூட் நடந்தது. அதே வருஷம் சூர்யா பிறந்தநாளுக்கு அதிலிருந்து ஒரு சின்ன வீடியோவும் வெளியானது. அதற்குப் பிறகு பெரிய சத்தம் இல்லை.

2025 பொங்கல் சமயத்தில் தயாரிப்பாளர் கலைப்புலி எஸ். தாணு, வெற்றிமாறன், சூர்யா மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் போட்டோ வந்ததும் ரசிகர்கள் குஷியாகிவிட்டார்கள். இந்த முறை நிஜமாகவே திறக்கப் போகுது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் சில மாதங்களிலேயே வெற்றிமாறன் ஒரு வீடியோவில் விளக்கம் சொன்னார். மாடுகளின் பாதுகாப்பு, அதோடு நடிக்கும் மனிதர்களின் பாதுகாப்பு, தொழில்நுட்ப வேலைகள் எல்லாம் முடிய நேரம் ஆகும்; அதுவரை சிம்புவை வைத்து வேறொரு படம் செய்கிறேன் என்று. அதுதான் 'அரசன்'. அதற்கும் தாணுதான் தயாரிப்பாளர்.

ஆக, படம் கைவிடப்பட்டதா என்றால், இல்லை. தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் ஏன் இவ்வளவு தள்ளிப் போகிறது, இத்தனை பேர் ஏன் இன்னும் விடாமல் காத்திருக்கிறார்கள் என்ற ரெண்டு கேள்விக்கும் பதில் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

யார் இந்த சி.சு. செல்லப்பா?

பொன்னியின் செல்வன் படமானபோது கல்கியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு பாட்டிகளே கதை சொல்வார்கள். செல்லப்பா கதை வேறு. பெருவாரி வாசகர்களுக்கு அவர் பெயரே தெரியாது. தெரிந்தவர்களுக்கோ அவர் கிட்டத்தட்ட குலசாமி மாதிரி.

1912-ல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1959-ல் 'எழுத்து' என்று ஒரு சிறுபத்திரிகை ஆரம்பித்தார். தமிழில் புதுக்கவிதை என்ற ஒன்று வேர்பிடித்ததே அந்தப் பத்திரிகையில்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. இலக்கிய விமர்சனத்துக்கும் அது ஒரு பள்ளிக்கூடம். ஆனால் காசு? அது கடைசி வரை இல்லை. 1970-ல் பத்திரிகை நின்றது. தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர்.

சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை முதுமையில் எழுதி முடித்தார். 1998-ல் இறந்தார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாடமி விருது 2001-ல் அறிவிக்கப்பட்டது. ஆமாம், ஆள் போன பிறகுதான்.

இப்படி வாழ்ந்த ஒருத்தர் எழுதிய புத்தகத்தை, நூற்றுக்கணக்கான திரையரங்குகளில் ஓடப்போகும் ஒரு ஸ்டார் படமாக நினைத்துப் பார்ப்பதே ஒரு மாதிரி விசித்திரமாகத்தான் இருக்கு.

அப்படி என்ன இருக்கு அந்த 70 பக்கத்துல?

மொத்தக் கதையும் ஒரே ஒரு ஜல்லிக்கட்டில், ஒரு மதியம் தொடங்கி பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். ஜமீன்தார்கள் காலம். பிச்சி என்ற இளைஞன், கூட்டாளி மருதனோடு வெளியூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் குறி ஒரே ஒரு மாடு, ஜமீன்தாரின் காரி. பிச்சியின் அப்பா அம்புலி பேர்போன மாடுபிடிக்காரர். காரி குத்தித்தான் அவர் செத்தார். அந்தக் காளையை மகன் அணைய வேண்டும். அவ்வளவுதான் கதை.

கேட்கும்போது பழிவாங்கும் கதை மாதிரி இருக்கும். இன்டர்வெல் பிளாக் எங்கே, மாஸ் என்ட்ரி எங்கே என்று மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். ஆனால் படித்துப் பார்த்தால் வேறு ஒன்று பிடிபடும். பிச்சிக்கு காரி மேல் வெறுப்பு இல்லை. அந்த மாட்டை அவன் மதிக்கிறான். வாடிவாசலுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கும் கிழவருக்கும் அதே மரியாதை. மாடு வாசல் வழியாகத் தலையை நீட்டும் அந்த ஒரு நொடி, திமில் மேல் கை விழும் ஒரு நொடி, இதையெல்லாம் பக்கம் பக்கமாக மூச்சு விடாமல் படிக்க வைத்திருக்கிறார் செல்லப்பா. மதுரைப் பக்கத்துப் பேச்சு வழக்கு முழுக்க முழுக்க அப்படியே வருகிறது. வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு முதல் சில பக்கம் கொஞ்சம் திணறும், பிறகு பழகிவிடும்.

இன்னொரு பக்கம் மேடையில் உட்கார்ந்திருக்கும் ஜமீன்தார். அவருக்கு காரி வெறும் மாடு கிடையாது, அவரோட கௌரவம். அந்த மாட்டின் மேல் எவன் கை வைத்தாலும் அது அவர் மேல் கை வைத்த மாதிரி. கீழே களத்தில் நிற்பவனுக்கு உயிர் போகும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு மானம் போகும். இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது காளை. முடிவு என்ன என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. படிக்காதவர்கள் படத்துக்கு முன்னாடி படித்துவிடுங்கள், ஒரு சாயங்காலம் போதும்.

மாடுதான் ஹீரோ, அதுதான் சிக்கலும்

இப்போது நடைமுறைப் பிரச்சினைக்கு வருவோம். காளையை சினிமாவில் காட்டுவது முன்பு இவ்வளவு கஷ்டமில்லை. 1956-ல் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தில் எம்.ஜி.ஆர் காளையோடு மோதினார். 1980-ல் 'முரட்டுக்காளை' ரஜினி ஜல்லிக்கட்டில் இறங்கியது இன்னும் டிவியில் ஓடிக்கொண்டுதான் இருக்கு. 2004-ல் கமலின் 'விருமாண்டி'.

அதற்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது. சினிமாவில் விலங்குகளைப் பயன்படுத்த 2001-ம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அதோடு 2011-ல் மத்திய அரசு, பழக்கி வித்தை காட்டக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதன் அடிப்படையில் இந்த அறிவிப்புக்கும் பங்கு உண்டு.

"அதான் 2017-ல் மெரினாவில் போராடி சட்டத் திருத்தம் கொண்டு வந்தாச்சே, 2023 மே மாசம் அஞ்சு நீதிபதி அமர்வும் அது செல்லும்னு சொல்லியாச்சே" என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அந்தத் திருத்தம் பாரம்பரியமாக நடக்கும் ஜல்லிக்கட்டுக்கு விலக்கு கொடுத்தது. கேமரா வைத்து, 'ரெடி, ஆக்‌ஷன்' சொல்லி, அதே மாட்டை இருபது முறை வாடிவாசலிலிருந்து அவிழ்த்துவிடுவது வேறு சமாச்சாரம்.

இன்னொரு பக்கம், மாட்டுக்கு எதிரே நிற்கப்போவது மனிதர்கள். வருஷா வருஷம் ஜனவரியில் நிஜ ஜல்லிக்கட்டுகளில் வீரர்களும் பார்வையாளர்களும் குத்துப்பட்டுச் சாகிற செய்தி வருகிறது. பழகிய மாடுபிடி வீரர்களுக்கே அந்த நிலைமை. இதில் ஒரு முன்னணி நடிகரை நிஜக் காளையின் திமிலைப் பிடிக்க வைப்பது எப்படி?

அதனால்தான் ரோபோ காளை. சூர்யா வளர்க்கும் காளையை ஸ்கேன் செய்து, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு இயந்திரக் காளையை உருவாக்கும் வேலை லண்டனில் நடப்பதாக வெற்றிமாறன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த வழி புதுசு இல்லை. மலையாளத்தில் 2019-ல் வந்த லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஜல்லிக்கட்டு' படத்தில் ஊரையே ஓடவிட்ட அந்த எருமை பல காட்சிகளில் இயந்திரம்தான். அதுவும் எஸ். ஹரீஷின் சிறுகதை ஒன்றிலிருந்து வந்த படம். ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் படத்தில் எருமை பெரும்பாலும் இருட்டில், கூட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிவாசலில் பட்டப்பகலில், அத்தனை கண்ணும் பார்க்க, காரி நிதானமாக நின்று முறைக்க வேண்டும். நாவலில் அந்த மாடு யோசிப்பது போலவே இருக்கும். அந்தக் கண்ணில் உயிர் இல்லையென்றால் மொத்தப் படமும் காலி. இத்தனை வருஷம் எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய குறை சொல்லத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

வெற்றிமாறன் நாவலை என்ன செய்வார்?

இதுதான் வாசகர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் இருக்கும் உண்மையான பதற்றம். அவருடைய பழைய படங்களைப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கும்.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' புத்தகம் 'விசாரணை' ஆனது. புத்தகம் பாதிப் படம்தான். சென்னைக்கு வந்த பிறகு நடக்கும் இரண்டாம் பாதி, இயக்குநர் சேர்த்தது. பூமணியின் 'வெக்கை' 2019-ல் 'அசுரன்' ஆனது. நாவல், கொலை செய்துவிட்டு ஓடும் 15 வயசுப் பையன் சிதம்பரத்தின் கண் வழியாக நகரும். படத்தில் கதை அப்பா சிவசாமி பக்கம், அதாவது தனுஷ் பக்கம் சாய்ந்தது. பஞ்சமி நிலப் பிரச்சினையோடு ஒரு பெரிய ஃப்ளாஷ்பேக் சேர்ந்தது. ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. அதிலிருந்து 'விடுதலை' இரண்டு பாகம் வந்தது.

ஆக, அவர் நாவலை வரிக்கு வரி எடுப்பவர் இல்லை. விதையை எடுத்துக்கொண்டு மண்ணை மாற்றுகிறவர். வாடிவாசலிலும் அப்படி நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கு. 70 பக்கம், ஒரு நாள், ஒரு களம். இது இரண்டரை மணி நேர ஸ்டார் படத்துக்குப் போதாது. பிச்சி இளவட்டம், சூர்யாவுக்கு 2025 ஜூலையோடு 50 வயசு. அதனால் நாவலில் நினைவாகவும் பேச்சாகவும் மட்டும் வரும் அப்பா அம்புலி, படத்தில் பெரிய ஆளாக எழுந்து வரலாம் என்பது என் யூகம். அசுரனில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே.

அதில் தப்பில்லை. பயம் வேறு இடத்தில். செல்லப்பா இதை எழுதி பல பத்து வருஷம் கழித்து 2017 வந்தது. அன்றிலிருந்து ஜல்லிக்கட்டு என்றாலே தமிழர் பெருமை, வீரம், விசில் என்று ஒரே ராகம். நாவல் அந்த ராகம் இல்லை. வீரத்தை அது ரசிக்கிறது, நிச்சயமாக. ஆனால் அந்த வீரத்தை மேடையில் உட்கார்ந்து அனுபவிப்பது யார், அதற்கு உயிரை விலையாகக் கொடுப்பது யார் என்பதையும் கூடவே காட்டிவிடுகிறது. அந்தக் கடைசிப் பக்கங்கள் ஜெயித்த சந்தோஷத்தைத் தருவதில்லை. தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சிக்கு வரும் கூட்டம் அந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்ளும்? ஜமீன்தாரை வழக்கமான வில்லனாக்கி, கிளைமாக்ஸில் பிச்சி அவரை அடித்துப் போடுவது போல வைத்தால் கைதட்டல் வரும். புத்தகம் போய்விடும்.

சாதியையும் நிலத்தையும் அதிகாரத்தையும் விடாமல் பேசுகிற இயக்குநர் என்பதால் வெற்றிமாறன் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று நம்ப இடமிருக்கு. மேடைக்கும் களத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அவரை இந்தக் கதைக்கு இழுத்திருக்கும். ஜி.வி. பிரகாஷ் குமாரின் பின்னணி இசை எங்கே அடங்கி நிற்கப் போகிறது என்பதும் இதில் சேர்த்தி.

படம் வருவதற்குள்...

புத்தகம் ஏற்கெனவே சில வாசல்களைத் தாண்டிவிட்டது. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. 2023-ல் பெருமாள்முருகன் எழுத, அப்புப்பன் வரைய, கிராஃபிக் நாவலாகவும் வந்திருக்கிறது. காளை எப்படி இருக்கும், வாடிவாசல் எப்படி இருக்கும் என்று படமாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இப்போதைக்கு அதுதான் கதி.

ஷூட்டிங் தொடங்கும் தேதி இதுவரை அறிவிக்கப்படவில்லை. 'அரசன்' வேலைகள் முடிந்தாக வேண்டும், சூர்யாவின் கையில் இருக்கும் மற்ற படங்களும் முடிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அந்த ரோபோ காளை நடக்கவும் முறைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் படத்துக்காக சூர்யா வளர்க்க ஆரம்பித்த நிஜக் காளைக்கும் வருஷா வருஷம் ஒரு வயசு கூடிக்கொண்டிருக்கிறது.