காப்பகத்துக்கு இரண்டு வாசல் வேண்டும்

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி தலைநகர்ப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் அடைபட்டிருக்கட்டும் என்றது. நவம்பர் 7 அன்று மீண்டும் ஓர் உத்தரவு வந்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது என்றது.

தொலைக்காட்சிகளில் நாய்ப் பிரியர்கள் ஒரு பக்கமும் நாய்க்கடிக்கு அஞ்சுகிறவர்கள் மறுபக்கமுமாக இதைப் பேசித் தீர்த்தார்கள். அந்தக் காப்பகங்களில் விடிந்ததும் கூண்டுகளை யார் கழுவுவார்கள், புண்ணுக்கு யார் மருந்து போடுவார்கள், உள்ளே போன உயிர் என்றைக்கு வெளியே வரும் என்ற கேள்விகள்தான் பெரிதாக எழவில்லை.

அச்சம் நியாயமானது. 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.80 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸ் நோயால் 43 பேர் இறந்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் அந்த நோய்க்கு அநேகமாக மீட்சியே இல்லை. கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நாய்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கையைச் சென்னை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1860-ல் சென்னை நகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. தெருவில் நாய் குறையவில்லை. கேப்டன் வி.சுந்தரம் குடும்பத்தார் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதல் சொல்லிவந்தது. மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996-ல். அதன் பிறகும் கருத்தடை போதிய வேகத்தில் நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2018 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 57 ஆயிரமாக இருந்த சென்னைத் தெருநாய்கள், 2024-ல் 1.80 லட்சம் என்று கணக்கிடப்பட்டன.

இத்தனை நாய்களை அடைத்துவைக்க எந்த மாநகராட்சியாலும் முடியாது. நம் ஊர்க் காப்பகங்கள் அதற்காக உருவானவையும் அல்ல. லாரி ஏறி இடுப்பு முறிந்தது, காதுக்குள் புழு வைத்தது, கண் தெரியாமல் சாக்கடையில் விழுந்தது, கடை வாசலில் அட்டைப்பெட்டியோடு விடப்பட்ட குட்டிகள், வீடு மாறும்போது கைவிடப்பட்ட லாப்ரடார் என்று வேறு போக்கிடம் இல்லாதவை வந்து சேரும் இடம் அது. ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு காப்பகத்துக் கதவில் நாயைக் கட்டிவிட்டு ஓடுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. உள்ளே வருவதற்கான வாசல் இப்படி அகலமாகத் திறந்து கிடக்கிறது. வெளியே போகும் வாசல் குறுகல். குணமாகிப் பழைய தெருவுக்குத் திரும்புவது ஒன்று, ஒரு வீட்டுக்குத் தத்துப்போவது இன்னொன்று. இந்த இரண்டாவது வழி அடைபட்டால் எவ்வளவு நல்ல மனம் கொண்டவர்கள் நடத்தினாலும் காப்பகம் நெரிசலில் மூச்சு முட்டும். நெரிசல் வந்தால் நோய் வரும். நோய் வந்தால் முதலில் போவது குட்டிகள்.

அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பவர் தன்னார்வலர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியருக்கு அதற்கு நேரமே கிடைக்காது. காலையில் கூண்டுகளைக் கழுவி, வடித்த சோற்றில் கோழிக்கறி பிசைந்து வைத்து, மருத்துவருக்காக ஒவ்வொரு நாயாகப் பிடித்துக் கொடுத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். ஒரு நாயின் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. தத்துப்போகும் நாயையும் ஆண்டுக்கணக்கில் கூண்டிலேயே கிடக்கும் நாயையும் பிரிப்பது பல நேரங்களில் அந்த அரை மணி நேரம்தான்.

புதிதாக வந்த நாயைக் கவனித்துப் பாருங்கள். கூண்டின் பின்சுவரோடு ஒட்டி, வாலை வயிற்றுக்கடியில் இடுக்கி, நடுங்கிக்கொண்டு கிடக்கும். சோற்றுத் தட்டு அப்படியே இருக்கும். ஆள் பார்க்கும்போது சாப்பிடாது. அதன் கண்ணை நேராகப் பார்த்துக் கையை நீட்டினால் உறுமும், நெருக்கினால் கடிக்கும். விவரம் தெரிந்த தன்னார்வலர் உள்ளே போய், அதற்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார், தொட மாட்டார். ஒரு துண்டு அவித்த கோழியைப் பின்னால் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். முதல் நாள் ஒன்றும் நடக்காது. அடுத்தடுத்த நாட்களில் துண்டு காணாமல் போகும். பிறகு ஒருநாள் ஈர மூக்கு முழங்கையைத் தொட்டுவிட்டு விலகும். அதற்கப்புறம்தான் கழுத்துப்பட்டை, கயிறு, நடை எல்லாம். தத்தெடுக்க வரும் குடும்பம் கூண்டுக்கு முன்னால் நிற்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் முன்னுக்கு வந்து நிற்கும் நாய்க்கு வீடு கிடைக்கிறது, பின்சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்குக் கிடைப்பதில்லை.

இதை வெறும் பாசத்தின் பேச்சு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கக் காப்பகங்களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் நாய்களின் சிறுநீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவைப் பார்த்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவர் வீட்டில் இரவு தங்கிய நாய்களுக்கு அந்த அளவு குறைந்திருந்தது. 2023-ல் வந்த இன்னோர் ஆய்வு, சிறிது நேரம் வெளியே கூட்டிப்போகப்பட்ட நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு ஐந்து மடங்கும், வீடுகளில் சில நாள் தங்கவைக்கப்பட்ட நாய்களுக்கு 14 மடங்கும் கூடியதாகச் சொன்னது. நம் ஊர் நிலவரம் வேறு, எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடவும் கல்லூரிச் சான்றிதழ் வாங்கவும் கும்பலாக வருகிறார்கள். குட்டிகள் இருக்கும் பகுதியில் நுழைந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். பார்வோ வைரஸ் செருப்பிலும் கையிலும் சட்டையிலும் தொற்றிப் பயணம் செய்யும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி போட்டு முடியாத குட்டிக்கு அது வந்தால் ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கொஞ்ச வந்த கையே நோயைக் கொண்டுவந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் கிழமைகளிலோ காப்பகம் ஆளின்றி இருக்கும். மாதம் ஒருமுறை நாள் முழுக்க வருபவரைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் வருபவர்தான் காப்பகத்துக்குத் தேவை. நாய்க்கு அந்தக் காலடிச் சத்தம் பழகும், ஊழியருக்கும் நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க முடியும்.

வருவதற்கு முன் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் சமரசமே கூடாது. முன்தடுப்பூசி போட்டவரும் கடிபட்டால் புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், சிறு கீறல்தானே என்று மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, காலில் புண்ணோடு ஈரத் தரையில் நிற்கக் கூடாது. முதல் சில வாரங்கள் பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும்தான் வேலையாக இருக்கும். அதைத் தாண்டி நிலைப்பவரைத்தான் புண்ணுக்கு மருந்து போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிடுவார்கள். புழு வைத்த புண்ணின் நாற்றம் முகத்தில் அடிக்கும். இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுக்கும்வரை தலையை அசையாமல் பிடித்து, காதருகே மெல்லப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் சில பிழைக்காது. ஒரு நாள் பால் புகட்டிய குட்டி மறுநாள் இருக்காது. நல்ல மனம் கொண்ட பலர் இங்கேதான் உடைந்து விலகுகிறார்கள். அவர்களைப் பலவீனர்கள் என்று நான் நினைக்க மாட்டேன். அன்றைக்கு அவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க அனுபவப்பட்ட ஒருவரைக் காப்பகம் ஏற்பாடு செய்திருந்தால் பாதிப் பேராவது திரும்பி வந்திருப்பார்கள்.

காப்பகங்கள் மீது எனக்கு வருத்தம் இங்கேதான். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்கத் தெரிகிறது, வந்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் ஒதுக்குவதில்லை. எந்தக் கூண்டில் நுழையலாம், எதில் கூடாது என்று கதவில் ஒரு நிறப்பட்டை ஒட்டப் பெரிய செலவாகாது. தன்னார்வலரின் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பதும், கடிபட்டால் யார் கூட்டிப்போவது என்று எழுதிவைப்பதும் அப்படியே. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி போன்ற இடங்களில் மாநகராட்சி நடத்தும் கருத்தடை மையங்களுக்கும் இதைச் சொல்வேன். அறுவை முடிந்த நாயைச் சில நாள் வைத்துக் கவனித்து, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு விதி. தையல் பிரிந்திருக்கிறதா, சாப்பிட்டதா, சரியான தெருவில்தான் இறக்கினார்களா என்று பார்க்க அந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலரைவிடப் பொருத்தமானவர் யார்? முறையாக அனுமதித்தால் நாய் மீது பாசம் உள்ளவருக்கும் பயம் உள்ளவருக்கும் ஒரே நேரத்தில் பயன்படும் வேலை இது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்கள் பெருகப் பெருகத்தான் தெரு பாதுகாப்பாகும். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காப்பகத்துக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாயில்லாத குட்டிகளைத் தடுப்பூசி முடியும்வரை சில வாரங்கள் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பது. நாய்க்குட்டி மனிதரோடும் ஓசைகளோடும் பழகும் பருவம் பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய 14-வது வாரம் வரை. அந்தப் பருவத்தைக் கூண்டில் கழித்த குட்டி, மிக்சி சத்தத்துக்கும் பதறும் நாயாக வளரும். வீட்டில் வளர்ந்தது எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் நாய்க்குட்டி என்று வாயெடுத்தால் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். செல்லப்பிராணிகளை அடுக்குமாடிச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டியிருந்தும் நடைமுறை மாறவில்லை.

அந்த வாரியம் 1962-ல் பிறந்ததே சென்னையில்தான். முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். விலங்கு வதைக்கு எதிராக 1953-ல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. பிறகு வாரியத்தின் தலைமையகம் ஹரியாணாவுக்குப் போய்விட்டது. அந்த மரபை இந்த மாநிலம் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினால் நினைவுச் சொற்பொழிவுகள் போதாது, கூண்டு கழுவ ஆள் வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு வாரத்தில் ஒரு காலை ஓய்வு இருந்தால், உங்கள் ஊர்க் காப்பகத்துக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். எந்தக் கிழமையில் ஆள் குறைவு என்று கேளுங்கள். தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, பழைய உடுப்போடும் மூடிய காலணியோடும் அந்தக் கிழமையில் போங்கள். அடுத்த வாரமும் அதே நேரத்துக்குப் போங்கள்.