தாலி கட்டினால் போதுமா? பிள்ளைக்கு நாடு வேண்டாமா?

செமினி வாழ் தமிழ்க் குடும்பங்களே! உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணம் பதிவாகிவிட்டதா? கோயிலில் மாலை மாற்றியதைக் கேட்கவில்லை. பதிவிலாகாவில் கையெழுத்துப் போட்டீர்களா?

"இந்த நாட்டு வழக்கத்துக்கு ஒத்துப்போங்கள்" என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். எதற்கு ஒத்துப்போகவில்லை? ரிஞ்சிங் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் பேரன் மலாய் பேசுகிறான், நாசி லெமாக் சாப்பிடுகிறான், நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறான். நான்கு தலைமுறைக்குப் பிறகும் 'பெண்டாத்தாங்' என்று ஏச்சு வாங்குகிறான். அது ஏசுகிறவர் நாக்கின் கோளாறு, விடுங்கள். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் நம்மில் பலர் இன்னும் பழகவில்லை. அதற்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் தாலி கட்டியவர்களின் கல்யாணம் செல்லும். அதற்குப் பின், ஊரே சாட்சியாக நின்றாலும் பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது என்கிறது அரசியலமைப்பு. அப்பாவின் நீல அட்டை எடுபடாது. தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கட்டிக்கொண்டு வந்த பெண் என்றால் என்ன ஆகும்? பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா' என்று அச்சாகும். லயத்திலேயே பிறந்து ஒரு பத்திரமும் இல்லாமல் வளர்ந்த தாய்க்கும் இதே தலைவலிதான்.

பன்னிரண்டு வயதில் கூட்டாளிகள் மைகாட் எடுக்க வரிசையில் நிற்பார்கள். இவன் வீட்டில் இருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டவர் கட்டணம். லைசென்ஸ், பேங்க் கணக்கு, நல்ல வேலை, எல்லாவற்றுக்கும் அட்டை கேட்பார்கள். பிறகு கட்டிப் பதிந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் பிற்பாடு பதிந்துகொண்ட ஒரு பிள்ளையின் வழக்கில், அப்பா மலேசியர் என்பது போதாது என்று 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளில் நால்வர் அப்படி, மூவர் இப்படி. அந்தப் பிள்ளை பிலிப்பீன்ஸில் பிறந்தது. ஆனால் செமினியில் பிறந்த பிள்ளைக்கும் 15ஏ பிரிவில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான் வழி. நிராகரித்தால் காரணம்கூடச் சொல்வதில்லை!

அரசாங்கத்தை விட்டுவிடவில்லை. சட்டம் போட்டவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து விளக்கினார்களா? ஒரு நாள் பதிவிலாகாவுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே, அதை யோசித்தார்களா? 2011 பிப்ரவரியில் 'மைடாஃப்தார்' என்று ஒரு வாரம் ஓடினார்கள். அத்தனை வருஷத்துப் பாக்கி ஒரு வாரத்தில் தீருமா?

அதற்காக நாமும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிறோம், பதிவுக்கு மட்டும் "பிறகு பார்க்கலாம்". பெண் வீட்டாரே, பதிவுப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பந்தக்கால் நடாதீர்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். கோயில் குருக்களையே துணைப் பதிவதிகாரியாக நியமிக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் கோயிலில் அப்படி ஒருவர் இல்லையென்றால் விண்ணப்பம் போடுங்கள். அதுவரை, பதிவுக்கு மனு கொடுத்த சீட்டைக் காட்டாதவர்களுக்கு முகூர்த்தத் தேதி எழுதாதீர்கள்.