படிப்பு நேரமும் உழைப்பு நேரமும்

இணையவழியில் கல்லூரிக் கல்வி பயில்வோருக்கு அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. அதிகாலையில் எழுக, அட்டவணை இடுக, கைபேசியை ஒதுக்கி வைக்க, பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிக்க என்றெல்லாம் ‘நேர மேலாண்மை’ போதிக்கப்படுகிறது. இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் இந்த அறிவுரைகள் அனைத்தும் ஓர் அனுமானத்தின் மீதே நிற்கின்றன. மாணவரின் கையில் நேரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் திறன்தான் இல்லை என்பதே அந்த அனுமானம். அது மெய்தானா?

கணக்கிட்டுப் பார்ப்போம். திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்திற்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். ஆறு மாதங்களில் அதை முடிக்க வாரத்திற்கு ஏறத்தாழ 23 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கும் மேல் தேவை.

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பணிபுரியும் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பாறசாலையிலிருந்து பேருந்தில் வந்து போக மூன்று மணி நேரம், கடையில் பத்து மணி நேரம், உறக்கத்திற்கு ஏழு மணி நேரம். எஞ்சுவது நான்கு மணி நேரம். ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். எஞ்சிய நான்கு மணி நேரம் வீட்டு வேலைக்கே போதவில்லை. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அப்பெண்ணின் நாள் கடனில் முடிகிறது. எந்த அட்டவணை இந்தக் கடனைத் தீர்க்கும்? உறக்கத்தை அறுத்துத்தான் அவர் பட்டம் பெற வேண்டியிருக்கிறது.

ஆகவே நேரம் என்பது முதலில் தனிமனித ஒழுங்கின் பிரச்சனை அன்று, வர்க்கப் பிரச்சனை. நமக்கு இது புதிய பாடமும் அன்று. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலை நாள் குறித்து மார்க்ஸ் நீண்டதோர் அத்தியாயம் எழுதியது இதனால்தான். 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை மட்டுமல்ல. ஓய்வுக்கு எட்டு மணி நேரம், தமக்கென எட்டு மணி நேரம் என்பதும் அதில் அடங்கும். படிப்பு அந்த மூன்றாவது எட்டில்தான் வாழ்கிறது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியபோது இந்தக் கோரிக்கையும் உடன் ஏறியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுப் பேரவையில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்பட்டதும் நாம் அறிந்ததே. இன்று அபாயம் நாடு தழுவியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலை நேரப் பரவலையும் மிகைநேர வரம்பையும் அறிவிக்கை மூலம் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுக்கின்றன.

ஒரு கை உழைப்பாளியின் நேரத்தைப் பறிக்க, மறு கை கல்விச் சுமையை அவரது வீட்டிற்குள் தள்ளுகிறது. ஒரு பருவப் பாடங்களில் ‘ஸ்வயம்’ தளத்தின் வழியே பயிலக்கூடிய பங்கு, 2016இல் இருந்த 20 விழுக்காட்டிலிருந்து 2021இல் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வகுப்பறை, ஆசிரியர், நூலகம், விடுதி ஆகியவற்றுக்கு அரசு செய்யவேண்டிய செலவு சுருங்க, அந்த இடத்தை மாணவரின் கைபேசியும் இரவு நேரமும் நிரப்புகின்றன.

இதனால் தொலைநிலைக் கல்வியே வேண்டாம் என்பதல்ல நமது நிலை. 1985இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2020இல் கொல்லத்தில் தொடங்கப்பட்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் படிப்பை இடையில் விட்ட பலருக்கு மீண்டும் கதவு திறந்தவை. கதவு திறந்தால் மட்டும் போதாது, நடந்து வரப் பாதையும் வேண்டும் என்பதே நாம் சொல்வது.

கேரளத்தின் அனுபவம் இதில் இரு பாடங்களைத் தருகிறது. 2020 ஜூன் 1 அன்று பள்ளிக் குழந்தைகளுக்கு ‘ஃபர்ஸ்ட் பெல்’ தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கின. வகுப்பைப் பார்க்க வழியின்றி மனமுடைந்த நிலையில் மலப்புறம் மாவட்டத்து தலித் மாணவி ஒருவர் அன்றே உயிரிழந்தார். அந்தத் துயரம் எளிதில் ஆறக்கூடியதல்ல. அதே வாரங்களில் வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, பொதுக் கற்றல் இடங்கள் உருவாயின. வாலிபர் சங்கத் தோழர்கள் வீடு வீடாகப் பெட்டிகளைச் சேர்த்துக் கொடுத்தனர். தனித்து விடப்பட்ட குழந்தை தோற்கிறது. கூட்டு முயற்சி நின்ற இடத்தில் வகுப்பு நடக்கிறது. 1945 முதல் வேரூன்றிய நூலக இயக்கம் இல்லாதிருந்தால் அது இத்தனை விரைவில் கைகூடியிருக்காது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை நாளைக் காக்க வேண்டும். பயிலும் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் தேர்வு விடுப்பு வேண்டும். ஊர் வாசகசாலைகள் இணைய வசதியுடன் இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். குழந்தைகளோடு வரும் தாய்மார்களுக்கு அங்கே ஓர் அறை வேண்டும்.

அரசையும் முதலாளியையும் நோக்கி விரல் நீட்டும்போது நம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்த கிளைக் கூட்டத்தை ஆறரை மணிக்குத் தொடங்குகிறோம். வந்து காத்திருக்கும் பதினைந்து தோழர்களின் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டினால், இருபத்திரண்டரை மணி நேரம். மேலே கண்ட மாணவத் தோழரின் ஒரு வாரப் படிப்பு நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். திறந்தநிலை மாணவர்களின் தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. நமது பேரவைகளையும் அதே நாட்களில்தான் வைக்கிறோம். வராத இளம் தோழருக்கு ‘ஈடுபாடு குறைவு’ என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். வீட்டில் 299க்கும் 97க்கும் இடையிலான தூரம் தோழர்களின் குடும்பங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் ஒவ்வொருவரும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இக்கேள்விகளை அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்போம். கிளைப் பகுதியில் வேலை செய்துகொண்டே படிப்போர் எத்தனை பேர், அவர்கள் அமர்ந்து படிக்க இடம் எங்கே, தேர்வு மாதத்தில் அவர்களின் இயக்கப் பணியை யார் ஏற்பது என்பவற்றை முடிவு செய்வோம். அந்தக் கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கட்டும்.