மலிவு மட்கார்டு: லாபமா? நஷ்டமா?

குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் குலசேகரம். பேச்சிப்பாறை அணைக்கும் திற்பரப்பு அருவிக்கும் போகிறவர்கள் இந்த ஊரை நன்கு அறிவார்கள். ரப்பர் பால் வெட்டும் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். அந்த இருட்டு வேளையில் தொழிலாளியைத் தோட்டத்தில் கொண்டு சேர்ப்பது மோட்டார் சைக்கிள். பகலில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், சந்தையிலிருந்து அரிசி மூட்டையைச் சுமந்து வருவதும் அதே வண்டிதான்.

ஏற்றமும் இறக்கமும் வளைவும் நிறைந்த சாலைகள். ஆண்டுக்கு இரண்டு பருவமழை. வண்டி ஒரு நாள் சறுக்கி விழுகிறது. ஆளுக்குச் சிராய்ப்போடு போய்விட்டது. ஆனால் மட்கார்டு உடைந்தது, டூம் நொறுங்கியது, சைடு பேனல் இரண்டாகப் பிளந்தது. கம்பெனி சாமான் வாங்க ஒரு வாரக் கூலி போதாது. அதே உருவத்தில், அதே நிறத்தில், மிகக் குறைந்த விலையில் கடையில் வேறு சாமான் தொங்குகிறது. எதை வாங்குவது?

இந்தக் கேள்வி குலசேகரத்துக்கு மட்டும் உரியது அல்ல. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும், டெல்லியில் கரோல்பாக்கிலும் தினமும் எழும் கேள்வி இது.

ஏன் இந்த மலிவு?

மலிவுச் சாமான் எல்லாம் மோசடிச் சாமான் அல்ல. தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கிற உற்பத்தியாளர் உண்டு. விளம்பரச் செலவு இல்லை; பெரிய ஷோரூம் இல்லை; ஆகவே விலை குறைகிறது. இது நேர்மையான மலிவு.

வேறு ஒரு மலிவும் உண்டு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பார்கள். தகட்டின் கனத்தைக் குறைப்பார்கள். பெயிண்டு ஒரு பூச்சோடு நின்றுவிடும். வெயில் பட்டதும் நிறம் மங்கும். பிளாஸ்டிக் முறுகி உடையும். இந்தச் சாமானையே கம்பெனியின் பெயர் அச்சிட்ட உறையில் போட்டு விற்றால் அது குற்றம். வர்த்தகச் சின்னச் சட்டப்படி, குறைந்தது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அளவு ஏன் பொருந்துவதில்லை?

"அண்ணே, ஓட்டை நேராக வரவில்லையே!" என்று மெக்கானிக்கிடம் சொல்லாத ஆள் இல்லை. அதற்கும் காரணம் உண்டு. அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏ.பி.எஸ். என்ற வகைப் பிளாஸ்டிக் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் சுருங்கக் கூடியது. கம்பெனி சாமானையே மாதிரியாக வைத்து, இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் அச்சு செய்தால், 40 சென்டிமீட்டர் பேனலில் 2 மில்லிமீட்டர் குறைந்துவிடும். 2 மில்லிமீட்டர் சிறிய அளவுதான். ஆனால் போல்ட்டு உள்ளே போகாமல் இருக்க அது போதும்.

இழுத்துப் பிடித்து முடுக்கினால் பேனல் எப்போதும் விறைத்தே நிற்கும். குண்டும் குழியுமான சாலையில் நாலு நாள் ஓடினால் காது பிளந்துவிடும். மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதுதான்.

அழகு வேறு, உயிர் வேறு

வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இது உடைந்தால் என்ன ஆகும்?"

சைடு பேனல் உடைந்தால் வண்டியின் அழகு கெடும், அவ்வளவுதான். டாங்க் கவரும் சீட் கவரும் அப்படியே. இவற்றில் மலிவு பார்ப்பதில் தவறில்லை.

முன் மட்கார்டு அப்படி அல்ல. அது பிளந்து சக்கரத்துக்கும் போர்க்குக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார். பல வண்டிகளில் மட்கார்டோடு சேர்ந்த இரும்புப் பட்டை இரண்டு போர்க்கையும் இணைத்துப் பிடிக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பிளாஸ்டிக்கை மாட்டக் கூடாது. பிரேக் லீவர், பிரேக் கட்டை, ஹெட்லைட் ஆகியவற்றிலும் மலிவு தேடுவது ஆபத்து.

சேலைக் காப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் இளைஞர்கள் உண்டு. பின்னால் உட்காரும் தாயின் சேலை, தங்கையின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றாமல் காப்பது அதுதான். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உடைந்த மட்கார்டுக்குப் பதிலாக அதே அளவு, அதே அமைப்புள்ள மட்கார்டை மாட்டுவது பழுதுபார்ப்பு. அதைச் சட்டம் தடுக்கவில்லை. வண்டியின் அமைப்பையே மாற்றுவதுதான் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே தீர்ப்பு.

2019-ஆம் ஆண்டு திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஊரை எழுப்பும் சைலன்சருக்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம் வரும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கில் அழ வேண்டிவரும்.

பில் கேளுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் வண்டிச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராமல் 1,000 ரூபாய் விலையுள்ள சாமான் முன்பு 1,280 ரூபாய். வரிக் குறைப்புக்குப் பின் 1,180 ரூபாய். ஆகவே கம்பெனி சாமான் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

எந்தச் சாமான் வாங்கினாலும் பில் வேண்டும். பில் இருந்தால், கெட்ட சாமானுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. கூலிக்காரருக்கும் கதவு திறந்திருக்கிறது. பில் இல்லாதவர் அந்தக் கதவை எப்படித் தட்டுவார்?

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

உடைந்த சாமானைக் கடைக்குக் கொண்டு போக வேண்டும். புதியதை அதன் மேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை பார்க்க வேண்டும். எல்லாப் போல்ட்டையும் பாதி முடுக்கி, பிறகே முழுதாக இறுக்க வேண்டும். பழைய ரப்பர் புஷ் இறுகிப் போயிருந்தால் புதிது போட வேண்டும். அதன் விலை சொற்பம். ஹாண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். ஏழையின் பணம் வீணாகாமல் இருக்க வேண்டும். வண்டியில் போனவர் முழுசாக வீடு திரும்ப வேண்டும். மலிவு வாங்குவது குற்றமல்ல. பாராமல் வாங்குவதே குற்றம்.