ஆப் காட்டும் காற்றும் நாம் சுவாசிக்கும் காற்றும்

பாடியில் பஸ் ஏறி, சி.டி.எச். ரோட்டில் ஆவடி வரை போகிறீர்கள். முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ. போனில் காற்றுத் தரம் பார்த்தால், 'பரவாயில்லை' என்று ஒரு எண் சிரிக்கிறது. அது எங்கே அளந்த எண்? சில ஆப்கள் பக்கத்தில் இருக்கும் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணைக் காட்டும். அரும்பாக்கம், மணலி, ஆலந்தூர் மாதிரி. சில ஆப்கள் செயற்கைக்கோள் தகவலை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லும். எப்படியானாலும், லாரிக்குப் பின்னால் உங்கள் மூக்கு இழுத்த காற்றை யாரும் அளக்கவில்லை.

ஆப்பை நம்பி மாஸ்க் போடுவதா வேண்டாமா என்பது சின்ன விஷயம். 'மாசுக் காற்றால் மூச்சிரைப்பு வருமா, குழந்தையின் எடை குறையுமா' என்று ஆராய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே அளவு தப்பினால் முடிவே மாறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் புகை அதிகமுள்ள தெருக்களில் 100 பேர். அவர்களில் 30 பேருக்கு மூச்சிரைப்பு. உள்ளே தள்ளி, புகை குறைந்த தெருக்களில் 100 பேர். அவர்களில் 10 பேருக்குத்தான். வித்தியாசம் 20. இப்போது அளந்ததில் குளறுபடி. இந்தப் பக்கம் 20 பேர் அந்தப் பட்டியலுக்கும், அந்தப் பக்கம் 20 பேர் இந்தப் பட்டியலுக்கும் போய்விட்டார்கள். மறுபடி கணக்குப் போட்டால் 26, 14. வித்தியாசம் 12 ஆகச் சுருங்கிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் நோய் குறையவில்லை. ஆனால் புகையின் கெடுதல் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேல் எனத் தெரிகிறது!

தராசு எப்போதும் 50 கிராம் குறைவாகக் காட்டினால் அது ஒரு வகைப் பிழை, தெரிந்துவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு நேரம் கூட, ஒரு நேரம் குறைய என்று ஆடும் தராசுதான் ஆபத்து. ஆட்டம் இரண்டு பக்கமும் இருப்பதால் 'சராசரியில் சரியாகிவிடும்' என்று தோன்றும். ஆனால், இங்கே அது பெரும்பாலும் கெடுதலைக் குறைத்தே காட்டும். அதனால் 'தொடர்பு எதுவும் தெரியவில்லை' என்று ஓர் ஆய்வு சொன்னால், 'ஆபத்தே இல்லை' என்று ஃபார்வர்டு செய்யும் முன், எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இதற்கு நம்ம ஏரியாவிலேயே உதாரணம் இருக்கிறது. பூந்தமல்லி போகிற வழியில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஊர் நிலையத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. ஒவ்வொரு மும்மாதத்திலும் வீட்டிலேயே 24 மணி நேரம் நுண்துகளை அளந்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைகிறது.

'நாலு கிராம்தானா' என்று கேட்கலாம். விறகடுப்பு எரியும் சமையலறையில் 10 எல்லாம் ஒரு கூடுதலே இல்லை, பல மடங்கு ஏறும். இன்னொன்று, 280 நாள் கர்ப்பத்தில் மூன்று நாள் அளந்தாலும் மிச்ச நாட்கள் ஊகம்தான். அம்மா வேலைக்குப் போன இடத்துக் காற்றும் வீட்டில் வைத்த கருவிக்குத் தெரியாது. எனவே உண்மையான பாதிப்பு 4 கிராமைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

அடுத்து ஒரு பெரிய சோதனை, ஹாப்பின். இந்தியா (தமிழ்நாடு) உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு. இங்கே வீட்டை அல்ல, ஆளையே அளந்தார்கள். உடம்போடு சின்னக் கருவி. கேஸ் வீட்டுப் பெண்கள் சுவாசித்தது நடுமதிப்பில் 23.9 மைக்ரோகிராம், மற்றவர்கள் 70.7. ஆனாலும் 2022-ல் வந்த முடிவில் குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! ஏமாற்றம்தான். ஆனால், 'அடுப்பைக் கொடுத்தார்கள், யாரும் பற்றவைக்கவில்லை போல' என்று தட்டிக்கழிக்க முடியாது. புகை நிஜமாகவே குறைந்தது என்று அளவு இருக்கிறது. அதனால் கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது: அடுப்பு மாறியது கர்ப்பத்தின் 9-வது வாரத்துக்குப் பிறகுதானே, அதற்கு முன்பே மாற்றியிருந்தால்?

இப்போது ஆன்லைனில் சின்ன சென்சார்கள் கிடைக்கின்றன. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இவை துகளை எடைபோடுவதில்லை. ஒளி சிதறுவதை வைத்துக் கணிக்கின்றன. மார்கழிப் பனியில் ஈரம் ஏறிய துகள் உப்பிவிடும், எண்ணும் எகிறும். பனியை மாசு என்று எண்ணிப் பதறாதீர்கள். ஒரு நல்ல கருவியின் பக்கத்தில் சில நாள் வைத்து ஒப்பிட்டால்தான் அதன் எண்ணுக்கு அர்த்தம். ஆய்வுக்கூடங்களில் வடிகட்டித் தாளைக் காற்று இழுப்பதற்கு முன்னும் பின்னும், வெப்பமும் ஈரமும் மாறாத அறையில் எடை போடுவது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவுக்கு ஆய்வாளர்கள் வந்து, 'எத்தனை மணி நேரம் சமைப்பீர்கள், எந்த வழியாக வேலைக்குப் போவீர்கள்' என்று கேட்டால், அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பாதீர்கள். கருவியைக் கொடுத்தால் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு மார்க்கெட் போகாதீர்கள். தூங்கும்போது மட்டும் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.